கிம்ப்பில் மாணிக்கக் கல் வரைந்தால் ஏன் ஜொலிப்பதில்லை?

கேள்வி இது: நகைக்கடை விளம்பரத்துக்காக கிம்ப் என்ற படம் வரையும் மென்பொருளில் ஒரு சிவப்புக் கல் வரைந்திருக்கிறீர்கள். வட்டம் போட்டு, உள்ளே சிவப்பு கிரேடியண்ட் கொடுத்து, மேலே வெள்ளையாக ஒரு பளபளப்பும் ஓரத்தில் ஒரு நட்சத்திர மின்னலும் வைத்தீர்கள். பார்த்தால் ஜெல்லி மிட்டாய் மாதிரி இருக்கிறது. எந்த ஃபில்டர் போட்டால் கல் போல ஜொலிக்கும் என்று கேட்கிறீர்கள்.

ஃபில்டரால் இது வராது. கல்லின் ஜொலிப்பு, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பட்டைகளின் (கல்லில் தீட்டிய தட்டையான முகங்களின்) வெளிச்ச வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஒரு பட்டை கண்ணைக் கூசுகிற வெளிச்சத்தில் இருக்க, அதை ஒட்டியே அடுத்த பட்டை கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். நடுவில் மங்கலான மாற்றம் எதுவும் கிடையாது, கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு மட்டும்தான். உங்கள் படத்தில் இல்லாதது அந்தக் கறுப்பு. வெள்ளை ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது.

ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால் எங்கே எந்த நிறம் போடுவது என்பதில் குழப்பம் வராது. மாணிக்கத்தின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவு, சுமார் 1.76. சாதாரணக் கண்ணாடிக்கு 1.5, வைரத்துக்கு 2.42. இந்த எண் கூடக் கூட, உள்ளே போன ஒளி வெளியே தப்பிப்பது கடினமாகிறது. மாணிக்கத்துக்குள் ஓர் ஒளிக்கதிர் அடிப்பட்டையில் செங்குத்திலிருந்து சுமார் 35 பாகைக்கு மேல் சாய்ந்து விழுந்தால் அது முழுவதுமாகத் திரும்பிவிடும். வைரத்தில் 24 பாகையைத் தாண்டினாலே போதும். அதனால் அடியில் உள்ள ஒவ்வொரு பட்டையும் ஒரு சின்னக் கண்ணாடி போல, அறையின் ஏதோ ஒரு மூலையை உங்களுக்குக் காட்டுகிறது. ஒன்று விளக்கைக் காட்டும், பக்கத்தில் இருப்பது இருட்டுச் சுவரைக் காட்டும், இன்னொன்று பார்ப்பவரின் தலையையே காட்டும். நன்றாகப் பட்டை தீட்டிய வட்ட வைரத்தை நேர் மேலே இருந்து பார்த்தால் எட்டு கறுப்பு அம்புகள் தெரியுமே, அவை பார்ப்பவரின் தலையோ கேமராவோ மறைத்த வெளிச்சம்தான். நகை போட்டோ எடுப்பவர்கள் கல்லுக்குப் பக்கத்தில் வேண்டுமென்றே கறுப்பு அட்டை வைப்பதும் இதற்காகத்தான்.

நிஜக் கல்லைக் கொஞ்சம் அசைத்தால் இருட்டுப் பட்டையும் வெளிச்சப் பட்டையும் இடம் மாறும், அதைத்தான் மினுமினுப்பு என்கிறோம். படத்தில் அசைவு இல்லை. ஆகவே முழு வேலையையும் அந்த வித்தியாசமே செய்தாக வேண்டும், நிஜத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. மெதுவாக வெளுத்து மெதுவாகக் கறுக்கும் கிரேடியண்ட்டைப் பார்த்ததும் நம் கண் அதை வழவழப்பான உருண்டை என்றே எடுத்துக்கொள்ளும். (சந்திரகாந்தக் கல் போல உருட்டித் தேய்த்த கல் வேண்டும் என்றால் உங்கள் முறையே சரி. பட்டை தீட்டிய கல்லுக்கு அது உதவாது.)

வேலைக்கு வருவோம். 2400 × 2400 பிக்சலில் புதிய படம் திறந்துகொள்ளுங்கள். இமேஜ் மெனுவில் பிரிசிஷனை 16 பிட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 8 பிட்டில் அடர்சிவப்புப் பகுதிகள் கடைசியில் வரிவரியாகப் பிரிந்து நிற்கும். இன்னொன்று, முதலில் கல்லைச் சாம்பல் நிறத்திலேயே வரையுங்கள். சிவப்பு கடைசியில்தான். நிறம் கண்ணை ஏமாற்றும். சாம்பலில் ஜொலிக்காத கல் சிவப்பிலும் ஜொலிக்காது.

வடிவத்துக்கு வட்ட பிரில்லியண்ட் வெட்டை எடுத்துக்கொள்வோம். 1919-ல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற பொறியாளர் வைரத்துக்கு எந்தக் கோணத்தில் வெட்டினால் ஒளி அதிகம் திரும்பும் என்று கணக்குப் போட்டு வெளியிட்டார். இன்றைய வட்ட வைரங்கள் அந்தக் கணக்கின் வழி வந்தவை. மொத்தம் 57 பட்டைகள், அடி நுனியில் ஒரு சின்னப் பட்டை வைத்தால் 58. மேலிருந்து பார்க்கும்போது மேல்பாதியின் 33 பட்டைகள் நமக்கு வேண்டும்: நடுவில் டேபிள் எனப்படும் எண்கோணம் ஒன்று, அதைச் சுற்றி 8 முக்கோணங்கள், 8 பட்டம் வடிவ நாற்கரங்கள், வெளி ஓரத்தில் 16 முக்கோணங்கள்.

இதைக் கண் அளவில் வரைய முயலாதீர்கள். மையம் 1200, 1200. ஆரம் 1000. கீழ் வலது கால்பகுதியை மட்டும் வரைந்தால் போதும். டேபிளின் மூலைகள் மூன்று: (1750, 1200), (1589, 1589), (1200, 1750). நட்சத்திர முனைகள் (டேபிளைச் சுற்றிய முக்கோணங்களின் வெளி நுனிகள்) இரண்டு: (1893, 1487), (1487, 1893). வெளி ஓரப் புள்ளிகள் ஐந்து: (2200, 1200), (2124, 1583), (1907, 1907), (1583, 2124), (1200, 2200). டேபிள் மூலைகளை வரிசையாக இணையுங்கள். ஒவ்வொரு நட்சத்திர முனையிலிருந்தும் அதற்கு அருகில் உள்ள இரண்டு டேபிள் மூலைகளுக்கும், வெளியே அருகில் உள்ள மூன்று ஓரப் புள்ளிகளுக்கும் கோடு இழுங்கள். பென்சில் டூலில் ஒரு புள்ளியைக் கிளிக் செய்து, ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கிளிக் செய்தால் நேர்கோடு வந்துவிடும். சுட்டி எங்கே இருக்கிறது என்பதை ஜன்னலின் கீழ் இடது மூலை காட்டிக்கொண்டே இருக்கும். பிறகு அந்த லேயரை டூப்ளிகேட் செய்து 90 பாகை திருப்புங்கள், மொத்தம் நான்கு வரும் வரை. லேயர் படத்தின் அளவிலேயே இருந்தால் திருப்பம் மையத்தைச் சுற்றித்தான் நடக்கும். நான்கையும் ஒன்றாக்கி, சுற்றி 1000 பிக்சல் ஆரத்தில் ஒரு வட்டக் கோடு போட்டால் வரைபடம் தயார்.

பலரும் இங்கே ஒரு துண்டுக்கு நிறம் கொடுத்து அதையே எட்டுத் தடவை சுழற்றி ஒட்டிவிடுகிறார்கள். கோலம் மாதிரி அழகாக வரும், ஆனால் கல் செத்துப்போகும். கோட்டைச் சுழற்றலாம், வெளிச்சத்தைச் சுழற்றக் கூடாது. விளக்கு ஒரு பக்கம் இருக்கும்போது எட்டுத் திசையிலும் ஒரே வெளிச்சம் விழ வழியே இல்லை.

இப்போது நிறம் நிரப்புவது. நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஐந்து சாம்பல்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: 0 முதல் 255 அளவில் 15, 60, 120, 185, 240. (நிறத் தேர்வுப் பெட்டி 0 முதல் 100 வரை காட்டினால் அதிலேயே 255-க்கு மாற்றும் பொத்தான் இருக்கிறது.) ஃபஸி செலக்ட் டூலால் ஒரு பட்டையைத் தேர்ந்தெடுத்து, செலக்ட் மெனுவில் க்ரோ கொடுத்து 2 பிக்சல் விரிக்கவும். பிறகு கோட்டு லேயருக்குக் கீழே உள்ள புதிய லேயரில் நிரப்பவும். அந்த 2 பிக்சல் மிக முக்கியம். அதை விட்டுவிட்டால் கோட்டு லேயரை மறைத்ததும் பட்டைகளுக்கு நடுவே பின்னணி மெல்லிய பிளவாக எட்டிப்பார்க்கும். எவ்வளவு அழகாக நிரப்பியிருந்தாலும் அந்தப் பிளவு கல்லை ஒட்டுப்போட்ட காகிதமாக்கிவிடும்.

எந்தப் பட்டைக்கு எது? (1893, 1487) என்ற நட்சத்திர முனையைப் பாருங்கள். அங்கே ஐந்து பட்டைகள் கூடுகின்றன. டேபிளை ஒட்டிய முக்கோணத்துக்கு 60. கீழே இருக்கும் பட்டம் வடிவத்துக்கு 185. அதை ஒட்டிய ஓர முக்கோணத்துக்கு 15. அதற்கு மேலே உள்ள ஓர முக்கோணத்துக்கு 240. மேல் பக்கத்துப் பட்டத்துக்கு 120. இந்த ஐந்தையும் நிரப்பிவிட்டுப் பாருங்கள், அந்தச் சின்ன இடம் மட்டும் உடனே கல்லாகிவிடும். 15-உம் 240-உம் ஒட்டி நிற்கும் அந்தக் கோடுதான் காரணம். மற்ற ஏழு முனைகளிலும் இதே எண்களிலிருந்து எடுத்து வேறு வேறு வரிசையில் கலையுங்கள். ஒன்றுவிட்டு ஒன்று என்று சதுரங்கப் பலகை போல வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தப் பட்டைகளில் மூன்றில் ஒரு பங்கு 15, 60 என்ற இரண்டு இருட்டுகளில் இருக்கட்டும். 240 என்பது கல் முழுக்க நான்கைந்து பட்டைகளுக்கு மேல் வேண்டாம்.

திசையிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். விளக்கு மேல் இடது பக்கம் என்று வைத்துக்கொண்டால், ஒளி ஊடுருவும் கல்லில் உள் ஒளி பொங்குவது எதிர்ப்பக்கமான கீழ் வலதில். உள்ளே போன ஒளி அங்கே போய்த்தான் வெளிவருகிறது. மேல் இடதில் உட்புறம் கொஞ்சம் இருட்டாகவும், மேற்பரப்பில் மட்டும் விளக்கின் வெள்ளைப் பிரதிபலிப்பும் இருக்கும். மரப்பந்துக்கு நிழல் கொடுக்கும் பழக்கத்தில் விளக்குப் பக்கம் முழுவதையும் வெளுக்க வைத்தால் கல் உடனே ஊடுருவாத பொருளாகிவிடும். உங்கள் படத்தில் நடந்ததும் இதுதான்.

பட்டைகள் நிரம்பியதும் ஒவ்வொன்றுக்குள்ளும் லேசான ஒரு கிரேடியண்ட் கொடுங்கள். பட்டையைத் தேர்ந்தெடுத்து, முன்னிறத்திலிருந்து ஊடுருவும் நிலைக்குப் போகும் கிரேடியண்ட்டை 25 சதவீத ஒபாசிட்டியில் இழுத்தால் போதும். ஒன்றில் கறுப்பு, அடுத்ததில் வெள்ளை, ஒவ்வொன்றிலும் வேறு திசை. பட்டைக்குள் மென்மை இருக்கலாம், பட்டைகளின் எல்லையில் மட்டும் இருக்கவே கூடாது. ப்ளர், ஸ்மட்ஜ் இரண்டையும் இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள்.

டேபிள் இன்னும் காலியாக இருக்கும். அதன் வழியாக அடிப்பாதியின் பட்டைகளும் அவற்றின் பிரதிபலிப்புகளும் சிதறிச் சிதறித் தெரிய வேண்டும். அதை ஒவ்வொன்றாக வரைவது பெரும் வேலை, தேவையும் இல்லை. நிரப்பிய லேயரையே டூப்ளிகேட் செய்து, 55 சதவீதமாகச் சுருக்கி, இடவலமாகத் திருப்பி, 45 பாகையோ 135 பாகையோ சுழற்றி நடுவில் வையுங்கள். டேபிள் எண்கோணத்துக்குள் அது கச்சிதமாக உட்காரும், வெளியே பிதுங்குவதை வெட்டிவிடலாம். அதன் நடுவிலும் ஒரு ஓட்டை இருக்கும். அங்கே இன்னொரு பிரதி, மறுபடி 55 சதவீதம், வேறு கோணம். இப்படி மூன்று அடுக்கு போனால் மையம் நிறைந்துவிடும். மிஞ்சும் சின்ன எண்கோணத்தை 60-ஆல் நிரப்பிவிடுங்கள். உள் அடுக்குகளுக்கு கர்வ்ஸில் லேசான எஸ் வளைவு கொடுத்து வித்தியாசத்தைக் கூட்டுங்கள். கல்லுக்குள் ஆழம் இருக்கிறது என்று கண் நம்புவது இந்த நுணுக்கத் துண்டுகளைப் பார்த்துத்தான். நிரப்பும் வேலைக்கு அடுத்தபடியாகப் பலன் தருவது இதுதான்.

இனி சிவப்பு. கலரைஸ் ஃபில்டரை இங்கே போடாதீர்கள். அது கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒரே சிவப்பை வைத்திருக்கும், பிளாஸ்டிக் தோற்றம் வர அதுவும் ஒரு காரணம். நிஜ மாணிக்கத்தில் இருட்டு ஊதா கலந்த மெரூனாகவும், வெளிச்சம் சூடான இளஞ்சிவப்பாகவும் போகும். அதிலுள்ள குரோமியம் சிவப்பாக ஒளிரவும் செய்வதால் நடு நிறங்கள் சாம்பலடிக்காமல் கொழுந்துவிட்டு நிற்கும். இதற்குச் சரியான கருவி கிரேடியண்ட் மேப். கிரேடியண்ட் எடிட்டரில் புதிதாக ஒன்று திறந்து நான்கு துண்டாகப் பிரித்து, ஐந்து புள்ளிகளில் இந்த நிறங்களை வையுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்: 25, 0, 10, பிறகு 95, 0, 25, நடுவில் 190, 5, 45, அடுத்து 255, 70, 95, கடைசியில் 255, 225, 225. ஒரு துண்டின் வலது முனை நிறமும் அடுத்ததன் இடது முனை நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த கிரேடியண்ட் தேர்வில் இருக்கும்போது நியூ ஃப்ரம் விசிபிள் மூலம் எல்லா அடுக்கும் சேர்ந்த ஒரு லேயர் எடுத்து, கலர்ஸ் மெனுவில் மேப் என்பதற்குள் போய் கிரேடியண்ட் மேப்பைச் சொடுக்கினால் சாம்பல் கல் மாணிக்கமாகிவிடும். சாம்பல் மூலத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். வேறொரு கிரேடியண்ட் செய்தால் அதிலிருந்தே நீலக்கல்லும் கிடைக்கும். ஃபோட்டோஷாப்பில் இதையே அட்ஜஸ்ட்மெண்ட் லேயராக வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளைப் பளபளப்புக்கு இப்போதுதான் நேரம். கல்லுக்குள்ளிருந்து வரும் வெளிச்சம் சிவப்பாக இருக்கும், மேற்பரப்பில் பட்டுத் தெறிப்பது விளக்கின் நிறத்திலேயே இருக்கும். நேராக விழும் ஒளியில் மாணிக்கத்தின் மேற்பரப்பு திருப்புவது சுமார் 8 சதவீதம், வைரம் 17 சதவீதம், கண்ணாடி 4 சதவீதம். ஆகவே மாணிக்கத்துக்கு அளவாக. தனி லேயரில் மேல் இடது பட்டம் ஒன்றை மட்டும், லேசான நீலம் கலந்த வெள்ளையில், 80 சதவீத ஒபாசிட்டியில் நிரப்புங்கள். டேபிளின் மேல் குறுக்கே நேர் விளிம்புள்ள ஒரு பட்டையான வெளிச்சத்தை 20 சதவீதத்தில் போடுங்கள். அது டேபிளின் எல்லையில் வெட்டுப்பட்டு நிற்க வேண்டும், அடுத்த பட்டைக்கு வழியக் கூடாது. முட்டை வடிவ வெள்ளைப் பொட்டு வைப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். தட்டையான பரப்பில் அப்படி ஒரு பிரதிபலிப்பு விழாது.

கோட்டு லேயரை அழித்துவிடாதீர்கள். அதை வெள்ளையாக்கி, மோடை ஸ்க்ரீனுக்கு மாற்றி, 35 சதவீதத்துக்குக் குறைத்து, லேயர் மாஸ்க் போட்டுப் பாதிக்கு மேல் மறைத்துவிடுங்கள். விளக்குப் பக்கத்தில் சில விளிம்புகள் மட்டும் மெல்லிய கம்பிபோல மின்னட்டும். எல்லா விளிம்பும் மின்னினால் அது கம்பி வலை.

வானவில் சிதறல்களைப் பற்றி: மாணிக்கத்தில் வைக்காதீர்கள். ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் திறன் வைரத்துக்கு 0.044, மாணிக்கத்துக்கு 0.018 மட்டுமே. அதன் சொந்தச் சிவப்பு அதையும் விழுங்கிவிடும். வைரம் வரையும்போது மூன்று நான்கு சின்னத் துண்டுகளில் ஆரஞ்சும் நீலமும் வைக்கலாம், அங்கே அது உண்மை.

நட்சத்திர மின்னல் ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. அது கல்லில் இல்லை, கேமரா லென்ஸின் துளை ஓரத்தில் ஒளி வளைவதால் வருவது. அதனால் அது எங்கே வேண்டுமானாலும் மிதக்காமல், 240 விழுந்த ஒரு பட்டையின் கூர் மூலையில் சரியாக உட்கார வேண்டும். 300 பிக்சல் நீளம், 6 பிக்சல் உயரத்தில் ஒரு நீள்வட்டத் தேர்வு எடுத்து, 2 பிக்சல் ஃபெதர் கொடுத்து, வெள்ளை நிரப்பி, அதன் பிரதியை 90 பாகை திருப்பி, இரண்டையும் அடிஷன் மோடில் வையுங்கள். சுற்றியுள்ள ஒளிக் கசிவுக்கு முழுப் படத்தின் பிரதி ஒன்றை எடுத்து, லெவல்ஸில் பளிச்சென்ற இடங்கள் மட்டும் மிஞ்சும்வரை இருட்டாக்கி, 40 பிக்சல் காஷியன் ப்ளர் கொடுத்து, ஸ்க்ரீனில் 25 சதவீதம் வையுங்கள். 2025-ல் வந்த கிம்ப் 3.0 என்றால் ப்ளர் அளவைப் பிறகும் மாற்றிக்கொள்ளலாம்.

நிழலை மட்டும் தயவுசெய்து ட்ராப் ஷேடோவிடம் விடாதீர்கள். சிவப்புக் கல்லின் நிழல் வெறும் சாம்பலாக இருக்காது. கல்லுக்குள் புகுந்து வெளிவந்த ஒளி நிழலுக்கு நடுவே ஒரு சிவப்புத் திட்டாக விழும். கீழ் வலதில் மல்டிப்ளை மோடில் ஒரு கருநிழல் நீள்வட்டமும், அதற்குள் கொஞ்சம் சின்னதாக, கூரான ஓரங்களுடன், அடர்த்தியான சிவப்பு ஒளித்திட்டு ஒன்றை ஸ்க்ரீன் மோடிலும் வையுங்கள். கல் உண்மையிலேயே ஒளி ஊடுருவுவது என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி படத்தில் வேறு கிடையாது. பெரும்பாலான விளம்பரங்களில் இது இருப்பதே இல்லை, அதனால்தான் அங்கே கற்கள் காகிதத்தில் ஒட்டியது போல நிற்கின்றன.

வேறு கற்களைக் கேட்டீர்களானால், மரகதத்துக்கு இந்த வெட்டு பொருந்தாது. மூலை வெட்டிய செவ்வகத்துக்குள் செவ்வகமாகப் படிப்படியாக இறங்கும் வெட்டு அதற்கு உரியது. ஒளிவிலகல் எண்ணும் சுமார் 1.58 என்பதால் வித்தியாசத்தைக் குறைத்து, நீளமான பட்டைகளுக்குள் மெல்லிய கீறல், மேகம் என்று சில உட்கறைகளையும் சேருங்கள், குறையில்லாத மரகதம் கண்ணுக்குப் போலியாகத்தான் படும். நீலத்துக்கு இருட்டை இன்னும் கூட்டலாம். மாணிக்கம் கடைகளில் பெரும்பாலும் முட்டை வடிவில் இருப்பதால், எல்லாம் முடிந்தபின் அகலத்தை மட்டும் 82 சதவீதமாகச் சுருக்கினாலே நம்பும்படியான ஒரு கல் கிடைத்துவிடும்.

விளம்பரத்தில் கல் எந்த அளவில் வரும் என்று கேட்டுக்கொண்டு அந்த அளவிலேயே சரிபாருங்கள். 600 பிக்சலுக்கு மேல் என்றால் இதே படத்தைச் சுருக்கி, ஷார்ப்பன் கொஞ்சம் கொடுத்து, பின்னணி ஊடுருவும் பிஎன்ஜியாக எடுக்கலாம். 100 பிக்சல் அளவு ஐகான் என்றால் சுருக்கினால் சேறாகிவிடும். அதற்கு ஓரத்து 16 முக்கோணங்களை எட்டாகக் குறைத்து, டேபிளுக்குள் ஓர் அடுக்கு மட்டும் வைத்து, ஐந்து நிறத்துக்குப் பதில் மூன்று நிறத்தில் தனியாக வரையுங்கள்.